வண்டி எவ்வளவு போகும்?

காரை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் முதலில் எழும் கேள்வி, "இப்ப வித்தா எவ்வளவு போகும்?" என்பதுதான். மெக்கானிக் ஒரு தொகை சொல்வார். தெருமுனை புரோக்கர் அதில் அரை லட்சம் குறைப்பார். ஆப்பில் வண்டி எண்ணைத் தட்டினால் வேறொரு தொகை வரும். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அதுவும் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர், தன் மைத்துனர் போன வருடம் இதே மாடலை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டதாகச் சொல்லி ஆசையைக் கிளப்புவார். நாலு பேரிடம் கேட்டு நாலு விலை கிடைத்ததும் குழம்பிப்போய், அன்றைக்கு ஷோரூமில் கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு ஒரு தொகையை விளம்பரத்தில் எழுதுகிறோம். நல்ல வண்டிகூட மாதக்கணக்கில் விலை போகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பேசலாம்.

ஷோரூமில் கட்டிய பணத்தை முதலில் மறந்துவிட வேண்டும். அந்தப் பணத்தில் வாழ்நாள் சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் இன்சூரன்ஸ், சீட் கவர் வரை எல்லாம் கலந்திருந்தன. வங்கிக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு எவ்வளவு தேவை என்பதெல்லாம் நம் வீட்டுக் கணக்கு. வாங்க வருபவருக்கு அதில் சம்பந்தமே இல்லை. அவர் மனதில் இருப்பது ஒரு பயம்: இந்த வண்டியில் எனக்குத் தெரியாமல் என்ன கோளாறு இருக்கிறது?

இந்தப் பயத்தைப் பற்றி ஒரு பெரிய பொருளாதாரக் கட்டுரையே இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து 1970-ல் எழுதியது அது. 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: வண்டியின் உள்நிலவரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாததால் அவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு மனசு வராது, விலகிக்கொள்வார். சுமாரான வண்டிகளே சந்தையில் மிஞ்சும், விலை இன்னும் சரியும். காரைக்குடியிலும் கோயம்புத்தூரிலும் இன்று நடப்பதும் இதே கதைதான். வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம், ஏனென்றால் அவருடைய அக்கறை எதுவும் வெளியே தெரிவதில்லை. அந்த அக்கறைக்கு ஆதாரம் காட்டி வாங்குபவரின் பயத்தைக் குறைப்பதே விலை வைப்பதன் வேலை, விளம்பரம் எழுதுவதன் வேலையும் அதுவே. இனி நான் சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

விலைக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. தரையைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய கார் வாங்கி விற்கும் கம்பெனிகள் இரண்டிடமும் ஒரு உள்ளூர் டீலரிடமும் வண்டியைக் காட்டிக் கையில் என்ன கொடுப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அதன்மேல் செலவு செய்து லாபம் வைத்து விற்க வேண்டும், அதனால் குறைத்துத்தான் கேட்பார்கள். அதற்காகக் கோபப்படத் தேவையில்லை. எந்தத் தலைவலியும் இல்லாமல் நாளைக்கே கிடைக்கும் தொகை அது. கூரை என்பது அதே ரகப் புது வண்டியின் இன்றைய விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கி, அதன் மேலிருந்த செஸ்ஸும் போனது. புது வண்டி விலை இறங்கியதும் பழைய வண்டிக்கான கூரையும் சேர்ந்தே தாழ்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் வரிக் குறைப்புக்கு முன் விற்ற விலையை இன்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தரைக்கும் கூரைக்கும் நடுவில் நம் இடத்தைக் காட்டுவது மற்றவர்கள் போட்டிருக்கும் விளம்பரங்கள். அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், முன்பின் ஒரு வருடம், உங்கள் ஊரும் சுற்று மாவட்டங்களும் என்று வடிகட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வண்டி தேறும். அவை எல்லாம் கேட்கும் விலைகள், விற்ற விலைகள் இல்லை என்பது நினைவிருக்கட்டும். ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எந்த விளம்பரம் மறைந்துவிட்டதோ அந்த விலைக்கு ஆள் இருந்திருக்கிறார். எது அப்படியே கிடக்கிறதோ அது அதிகம். இந்த இரண்டு வாரப் பொறுமை, எந்த ஆப்பின் கணிப்பையும்விட நம்பகமானது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் உள்ள ஐ.டி.வி. தொகையைக் காட்டி "பேப்பர்லயே நாலரை போட்டிருக்கு சார்" என்று வாதாடுபவர்கள் உண்டு. திருட்டுப் போனாலோ முழுதாக நொறுங்கினாலோ இழப்பீட்டுக்காக வைக்கும் தொகை அது. வண்டியின் வயதை மட்டும் வைத்துக் கழிப்பார்கள். நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் என்றால் ஐம்பது சதவீதக் கழிவு, ஐந்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்வது. வண்டி எப்படி ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திருச்சியில் 2018 வேகன்ஆர், பெட்ரோல், வி.எக்ஸ்.ஐ., முதல் ஓனர், 61,000 கிலோமீட்டர். விளம்பரங்களில் இதே வண்டி 3.40 லட்சத்திலிருந்து 4.10 வரை இருக்கிறது, கம்பெனிக்காரர் 2.95 சொல்கிறார் என்று கொள்வோம். 4.10 கேட்பவரின் விளம்பரம் ஒரு மாதமாக அசையவில்லை. 3.70 பக்கம் இருந்த இரண்டு போய்விட்டன. அப்படியானால் உங்கள் வண்டியின் இடம் 3.70-ஐச் சுற்றி. இனி நம் வண்டிக்கே உள்ள கூட்டல் கழித்தலுக்கு வரலாம்.

முதல் ஓனர் என்றால் கூடும், மூன்றாவது ஓனர் என்றால் நன்றாகவே இறங்கும். நம்பர் தமிழ்நாடா வெளி மாநிலமா என்பதற்கு இங்கே பெரிய எடை உண்டு. புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கித் தன் பெயருக்கு மாற்றும்போது இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவை அவர் நம் விலையிலிருந்துதான் கழிப்பார். பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான், பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பதின்மூன்று வருட வண்டி வாங்குபவர் அந்தச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் பேசுவார். நாம் ஆசையாகப் போட்ட மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் இவற்றுக்குச் செலவு செய்ததில் கால்வாசிகூடத் திரும்பாது. கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லலாம், விலையில் ஏற்ற முடியாது.

டயர் அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர். கால் வருடத்தில் தேய்ந்ததா, ஐந்து வருடமாக வெயிலில் காய்ந்ததா என்பதை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். விவரம் தெரிந்தவர் வந்ததும் குனிந்து பார்ப்பது அதைத்தான். அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்து, நாலு டயர் மாற்ற என்ன ஆகும் என்று விசாரித்து வைத்துக்கொண்டால், "டயர் எல்லாம் போச்சு, முப்பது குறைங்க" என்று அவர் ஆரம்பிக்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

அவர் செய்யும் இன்னொரு சோதனை சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுப்பது. தினமும் நாம் இழுப்பது பாதிதான், கடைசி முழம் உள்ளேயே சுருண்டிருக்கும். வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அந்த முழத்தில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை என்று தண்ணீர் புகுந்த பிறகும், "தண்ணியில நின்ன வண்டியா?" என்பது வழக்கமான கேள்வியாகிவிட்டது. நிற்கவில்லை என்றால் நீங்களே பெல்ட்டை இழுத்துக் காட்டுங்கள். நின்றது என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பம் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப்போகிறது. ஏர்பேக் ஒயரில் நீர் ஏறியிருப்பதை மறைத்து விற்பது பணத்தோடு முடிகிற தவறு இல்லை.

விற்பதற்கு முன் செலவு செய்யலாமா என்று கேட்பார்கள். பேட்டரி சொதப்பினால் மாற்றுங்கள், எரியாத பல்பு, கீச்சிடும் வைப்பர், குளிராத ஏ.சி. இவற்றைச் சரி செய்யுங்கள். ஆயில் சர்வீஸ் செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் வேலைக்கு மட்டும் போக வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்த்ததும் எதை மூடியிருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். பழைய கீறல் கீறலாகவே இருப்பது நல்லது.

கேட்கும் விலையில் பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும், நம் ஊரில் ஒரே விலை என்றால் ஆள் முகம் சுருங்கும். ஆனால் அந்த இடைவெளி சிறிதாக இருக்கட்டும். 3.70 எதிர்பார்த்தால் 3.85 போடலாம், 4.25 போடக்கூடாது. தேடுபவர்கள் "நாலு லட்சத்துக்குள்" என்று வடிகட்டித்தான் தேடுகிறார்கள். 4.05 என்று போட்டால் அவர்கள் கண்ணிலேயே படமாட்டீர்கள், 3.95 என்றால் படுவீர்கள். காலமும் பாருங்கள். ஆடியில் போட்டால் விசாரிப்பவர்கள்கூட "ஆவணி பொறக்கட்டும் சார்" என்பார்கள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்பு, பிறகு தை மாதம், இவையே வேகமான நாட்கள். ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்பதால் டிசம்பருக்குள் முடிப்பது விற்பவருக்கு லாபம்.

இனி விளம்பரம். "டாக்டர் யூஸ்டு, ஷோரூம் கண்டிஷன், சிங்கிள் ஹேண்ட், ஒரு ரூபாய் வேலை இல்லை, அர்ஜென்ட் சேல்" என்று ஆயிரம் விளம்பரம் கிடக்கிறது. இதில் சரிபார்க்கக் கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. அர்ஜென்ட் என்ற சொல், இவரை அடித்துப் பேசலாம் என்று எதிராளிக்கு நாமே எடுத்துக் கொடுப்பது. ஏழு வருட வண்டியில் ஒரு ரூபாய் வேலைகூட இல்லை என்றால் யாரும் நம்பப்போவதில்லை. நம் வேகன்ஆருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மாருதி வேகன்ஆர் வி.எக்ஸ்.ஐ., பெட்ரோல், 2018 மார்ச். திருச்சி பதிவு, முதல் ஓனர். 61,000 கி.மீ., கம்பெனி சர்வீஸ், எல்லா பில்லும் உண்டு. இன்சூரன்ஸ் பிப்ரவரி வரை, முழு கவர். கடன் இல்லை, ஃபைன் பாக்கி இல்லை. முன் டயர் இரண்டும் 2024, பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். இடது பின் கதவில் ஒரு நீளக் கீறல், படம் உள்ளது. பின் பம்பர் 2022-ல் இன்சூரன்ஸில் மாற்றியது, சேசிஸில் அடி இல்லை. பெரிய வண்டி தேவைப்படுவதால் விற்கிறோம். உங்கள் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்கலாம். 3.85, நேரில் பார்த்த பிறகு பேசலாம்."

இதில் மூன்று குறைகளை நாமே சொல்லிவிட்டோம். விலை குறைந்துவிடாதா என்று தோன்றும். வருபவர் அந்தக் கீறலைத் தானாகக் கண்டுபிடித்தால், இன்னும் எதையெல்லாம் சொல்லவில்லையோ என்று எஞ்சினையும் கியரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். கீறலுக்கு மூவாயிரம் என்றால் சந்தேகத்துக்கு முப்பதாயிரம் கழிப்பார். தெரிந்தே வந்தவர் கீறலுக்காகப் பேரம் பேச முடியாது, அது விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். மெக்கானிக்கைக் கூட்டி வரச் சொல்வதற்குக் காசு செலவில்லை, ஆனால் மறைக்க ஏதாவது வைத்திருப்பவர் அந்த வரியை எழுத மாட்டார். வாங்குபவருக்கு அது புரியும்.

படங்களைக் காலை வெயிலில், வண்டியைக் கழுவித் துடைத்து, ஒழுங்கான இடத்தில் நிறுத்தி எடுங்கள். முன், பின், இரு பக்கம், உள்ளே முன் சீட், பின் சீட், டிக்கி, பானெட் திறந்தபடி ஒன்று. எஞ்சின் ஓடும்போது மீட்டரை எடுங்கள். கிலோமீட்டரும் தெரியும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதும் தெரியும். கீறலுக்குத் தனிப்படம். ஆர்.சி. படத்தை எங்கும் போட வேண்டாம். நிஜமாக வாங்க விரும்புபவர் கேட்டால் வண்டி எண்ணைக் கொடுங்கள், அரசின் பரிவாகன் தளத்தில் அவரே சரிபார்த்துக்கொள்ளட்டும். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் போடாத வழக்கு உங்கள் கார் எண்ணில் தவறாக ஏறியிருக்கலாம், அடைத்து முடித்த கடன் இன்னும் வங்கி பெயரில் காட்டலாம். கடன் முடிந்தவுடன் வங்கியின் என்.ஓ.சி.யையும் படிவம் 35-ஐயும் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்காமல் (ஹெச்.பி. கேன்சல்) விட்டவர்கள் ஏராளம். ஆள் கிடைத்த பிறகு இதற்காக அலைந்தால் அந்த ஆள் போய்விடுவார்.

விளம்பரம் போட்ட அன்றே "லாஸ்ட் எவ்வளவு சார்?" என்று போன் வரும். வண்டியைப் பார்க்காதவரிடம் இறங்கினால், நேரில் வந்து அங்கிருந்து மறுபடி இறக்குவார். "வாங்க, ஓட்டிப் பாருங்க, உட்கார்ந்து பேசலாம்" என்பது போதும். வண்டியையே பார்க்காமல் முழு விலைக்கும் சம்மதித்து, ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊரில் டியூட்டி, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் அடிக்க வேண்டிய அவசியமே கிடையாது. பின் கேட்டால் போகப்போவது நம் பணம்.

ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் கூடவே உட்கார்ந்து போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய எஞ்சின் பல நோயை மறைக்கும் என்று அவருடைய மெக்கானிக்குக்குத் தெரியும். பேரத்தில் இதற்குக் கீழே கொடுக்க மாட்டோம் என்ற தொகையை முன்பே வீட்டில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். வந்தவர் முன்னால் கணவனும் மனைவியும் இரண்டு விலை சொல்லக் கூடாது.

பண விஷயத்தில் ஒரு சட்டத்தை விற்பவர்தான் அறிந்திருக்க வேண்டும். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. எனவே வங்கி வழியாகவே வரட்டும். டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் எத்தனை நாளில் மீதி, வராவிட்டால் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்தில்தான் நம்மவர்கள் ரொம்ப அலட்சியம். படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அவரே மாத்திக்குவார்" என்று வந்துவிடுகிறார்கள். புரோக்கர் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆள் கிடைக்கும்வரை வண்டியில் சுற்றுவார். ஒரு வழக்கில் இப்படிக் கைமாறிக் கைமாறி நாலாவது ஆளிடம் போன கார் 2009-ல் விபத்தில் ஒரு குழந்தையின் உயிரைப் பறித்தது. ஆர்.சி.யில் இன்னும் முதல் ஓனர் பெயர்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று தீர்ப்பளித்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னது செல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் பதினாலு நாளுக்குள் விற்றவர் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும், வாங்கியவருக்கு முப்பது நாள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் இருவருமாகவே ஆர்.டி.ஓ. வேலையைச் செய்யுங்கள். சாவி கொடுக்கும்போது டெலிவரி ரசீது ஒன்று எழுதி, தேதியோடு மணியையும் குறிக்க வேண்டும். மாலை 4.40-க்குக் கொடுத்த வண்டி 5.30-க்கு சிக்னல் தாண்டினால் அந்த மணிதான் உங்களைக் காக்கும். அவருடைய ஆதார் நகலும் சாட்சிக் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள், இல்லையென்றால் அவர் போகும் ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் உங்கள் கணக்கில் பணம் கழியும்.

இன்சூரன்ஸ் வண்டியோடு போகும், ஆனால் இத்தனை வருடம் கிளெய்ம் எடுக்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களோடு இருக்கும். ஐந்து வருடம் எடுக்காதவருக்கு அது ஐம்பது சதவீதம் வரை சேர்ந்திருக்கும். விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த வண்டியின் பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சிலர் இதைக் கேட்காமலே விட்டுவிட்டு, புது வண்டிக்கு முழு பிரீமியம் கட்டுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் எழுத்துகளைப் பாதி மறைத்துத்தான் காட்டும், ஆனால் நம் பெயரா வேறு பெயரா என்பது தெரிந்துவிடும். இன்னும் நம் பெயர் என்றால் வாங்கியவருக்கு ஒரு போன். அசையவில்லை என்றால் படிவம் 29 கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் டெலிவரி ரசீதையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கும் ஒரு சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.